எம்.ஏ. வரலாறு: நாலு இடத்தில் சீட் வந்திருக்கு, வெள்ளிக்குள் முடிவு எடுக்கணும்

வைகைக்கரை
24 ஜூன் 2024, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமா இங்க வாசிச்சுக்கிட்டே இருக்கேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

திருப்புவனம் பக்கம் ஒரு கிராமம். மதுரையில பி.ஏ. வரலாறு இந்த ஏப்ரல்ல முடிச்சேன். மத்தியப் பல்கலைக்கழகங்கள்ல எம்.ஏ. சேர எழுதுற க்யூட் பிஜி நுழைவுத்தேர்வு எழுதினேன், மார்க் நல்லா வந்துச்சு. இப்ப நாலு இடத்துல சீட் இருக்கு. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யூ.), ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்துல பண்டைய வரலாறு, தொல்லியல் துறை. புதுச்சேரிக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணும். ஜே.என்.யூ.வுக்கு ஞாயிறு வரைக்கும் நேரம் இருக்கு.

வரலாறு ஏன்னு கேப்பீங்க. ரெண்டாம் வருஷம் எங்க சார் ஒருத்தர் கல்வெட்டை மை ஒத்தித் தாள்ல பதிச்சு எடுக்க, அதாவது மைப்படி எடுக்க, கூட்டிட்டுப் போனாரு. எங்க ஊர்லருந்து நாலு கிலோமீட்டர்ல ஒரு சிவன் கோயில். அதிட்டானத்துல, அதாவது கோயிலோட அடிப்பீடத்துல, சுண்ணாம்பு அப்பிக் கெடந்துச்சு. நார் பிரஷ் வச்சுத் தேச்சு, தண்ணி ஊத்திக் கழுவி, நனைச்ச தாளைக் கல்லு மேல ஒட்டினோம். அப்புறம் எழுத்துக் குழிக்குள்ள தாள் இறங்குற வரைக்கும் பிரஷ்ஷால தட்டிக்கிட்டே இருக்கணும், கை விட்டுப்போச்சு. மை ஒத்த ஒத்த தாள் கருத்துச்சு, எழுத்து மட்டும் வெள்ளையா நின்னுச்சு. நான் முதல்ல கூட்டிப் படிச்ச வார்த்தை "நிலம்". அடுத்தது "குடுத்தோம்". சின்னப் புள்ளையில திருவிழாவுக்குப் போனா அந்தக் கல்லு மேலதான் உக்காந்து புளியங்கொட்டை விளையாடுவேன்.

அதுலருந்து எனக்கு ஒரே விஷயம்தான் மண்டைக்குள்ள ஓடுது. பாண்டிய நாட்டுக் கண்மாய்கள், மடைகள். யாரு வெட்டினா, யாரு பராமரிச்சா, தண்ணி யாருக்கு முதல்ல போச்சு. மடைத்தூண்லயே எழுதி வச்சிருக்காங்க. அதைப் படிக்கணும்.

வீட்டு நிலைமையையும் சொல்லிடுறேன். அப்பா வாழை இலை மண்டியில கணக்கு எழுதுறாரு. அம்மா நூறு நாள் வேலைக்குப் போறாங்க. தம்பி பாலிடெக்னிக். நாங்க எம்.பி.சி. அப்பா "வேண்டாம்"னு சொல்லல. "பக்கத்துலயே படிச்சு பி.எட். முடிச்சா டீச்சர் ஆயிரலாம்ல"ன்னு மட்டும் கேக்குறாரு. எங்க சார் ஜே.என்.யூ.தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. நீங்க யாராவது இந்த இடங்கள்ல படிச்சிருந்தா சொல்லுங்க.


கச்சிபௌலி
24 ஜூன் 2024, இரவு 9.40

வாழ்த்துகள் தங்கச்சி. நான் ஹைதராபாத்ல சமூகவியல் படிச்சவன். காடும் ஏரியும் பாறையுமா கேம்பஸ் ரொம்ப அமைதியா இருக்கும், படிக்கிறவங்களுக்கு நல்ல இடம். ஆனா உங்க ஆசை பாண்டிய நாட்டுக் கல்வெட்டுன்னா, மத்த மூணும் கைக்கு வராம இருந்தாத்தான் இங்க வரச் சொல்லுவேன். தக்காண வரலாறுன்னா பேச்சே வேற. என் இடத்தை நானே விட்டுக்குடுக்குறேன், அது உங்க நல்லதுக்குத்தான்.


தரமணிவாசி
24 ஜூன் 2024, இரவு 10.25

சென்னையை யாரும் பேச மாட்டார்கள் என்று தெரியும், அதனால் நான் பேசுகிறேன்.

பாண்டியர் கல்வெட்டோடு உங்கள் கண்மாயின் கதை நின்றுவிடுமா? 1895இல் முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் வைகைக்கு வந்ததும் பழைய பாசன முறை என்ன ஆனது? உங்கள் ஊர் சிவகங்கை ஜமீன் பகுதி. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை தண்ணீர் மேல் யாருக்கு அதிகாரம் இருந்தது? இதற்கெல்லாம் தாள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாள் போய் உட்கார்ந்தால் புரியும். கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள், நாடாவை அவிழ்த்தால் விளிம்பு பொடிப்பொடியாக மேசையில் உதிரும்.

தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். அந்தத் தொகுப்பை ஒற்றை ஆளாகச் சேர்த்தவர் உங்கள் மாவட்டத்துக் கோட்டையூர்க்காரர்தான். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் இங்கேயே நூலகமாக்கியது. அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், கன்னிமாரா, உ.வே.சா. நூலகம் எல்லாம் ஒரே ஊரில். தமிழ்நாட்டு வரலாறு படிக்க இதைவிட வளமான ஊர் இந்தியாவில் கிடையாது. சேப்பாக்கத்திலிருந்து எல்லாமே ஒரு பஸ் தூரம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் தங்கும் செலவு கூடுதல். ஹாஸ்டல் கிடைக்குமா என்பதைத் துறைக்கே போன் போட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெளியே தங்கினால் உங்கள் அப்பாவின் சம்பளத்துக்குத் தாங்காது.


ஓய்வுவாத்தியார்
25 ஜூன் 2024, காலை 6.05

முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன். தரமணி நண்பர் சொன்ன நூலகங்கள் அனைத்தும் உண்மை. ஆனால் அவர் முனைவர் பட்ட மாணவியிடம் பேசுகிறார். இந்தப் பெண் எம்.ஏ. படிக்கப் போகிறாள்.

இரண்டும் வேறு வேறு. எம்.ஏ.வின் இரண்டு ஆண்டுகளில் யாரும் ஆவணக் காப்பகத்தில் குடியிருப்பதில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் கற்க வேண்டியது கேள்வி கேட்கும் முறை. "யார் வெட்டினார்" என்று நீ கேட்கிறாய், அம்மா. அது நல்ல கேள்விதான். ஆனால் கல்வெட்டில் பெயர் வராத ஆள்தான் மண்ணைச் சுமந்தான். அவனைப் பற்றி எப்படிக் கேட்பது? தானம் கொடுத்தவன் தன் பெயரைக் கல்லில் வெட்டினான், அந்தக் கல்லை வைத்துக்கொண்டு ஊர் முழுவதையும் எழுதிவிட முடியுமா? இப்படிப்பட்ட சந்தேகங்களைக் கிளப்பிவிடும் வகுப்பறை உனக்கு வேண்டும். இருபது வயதில் அது கிடைத்துவிட்டால் நாற்பது ஆண்டுகளுக்குப் போதும்.

ஜே.என்.யூ.வின் வரலாற்று மையத்தில் பண்டைக்காலம், இடைக்காலம், நவீன காலம் என்று பிரித்து எடுத்துப் படிக்கலாம். தமிழக வரலாற்றுக்கு டெல்லியில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். இந்த ஜனவரியில் மறைந்த ஆர். சம்பகலட்சுமி. தமிழகத்தின் நகரங்களையும் வணிகக் குழுக்களையும் கோயில்களையும் பற்றி அவர் எழுதியவற்றைத் தவிர்த்துவிட்டு இன்று எவரும் அந்தத் துறையில் எழுத முடியாது. அவர் ஆசிரியராக இருந்தது அந்த மையத்தில்தான்.

தரவரிசையைப் பார்க்காதே. அது பல்கலைக்கழகத்துக்குத் தருவது, துறைக்குத் தருவதன்று. நான்கு இடத்துப் பாடத்திட்டத்தையும் இறக்கி வைத்துக்கொண்டு, ஒரு செமஸ்டரில் எத்தனை கட்டுரை எழுத வைக்கிறார்கள், யார் அதைத் திருத்தித் தருகிறார்கள் என்று மட்டும் விசாரி.


காலாப்பட்டு அலை
25 ஜூன் 2024, காலை 8.50

ஐயா, மரியாதையோட ஒரு மறுப்பு.

நானும் கல்வெட்டு ஆசையிலதான் எம்.ஏ. சேர்ந்தேன், புதுச்சேரியில. கேள்வி கேக்கக் கத்துக்கணும்னு சொல்றீங்க, சரி. ஆனா கல்வெட்டுல வர்ற பழைய எழுத்துகள், கிரந்தம் தெரியாம, வட்டெழுத்து தெரியாம, அச்சுல வந்த பாடத்தை மட்டும் நம்பி கேள்வி கேட்டா அது யாரோ படிச்சுச் சொன்னதை வச்சுக் கேக்குற கேள்விதானே? கையெழுத்துப் பழக்கம் மாதிரிதான் இதுவும். சின்ன வயசுல கண்ணு பழகணும்.

புதுச்சேரி ஊருக்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கு, 1955லருந்து. அங்க இருக்குற சைவ ஓலைச்சுவடிகளை 2005ல யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியல்ல சேர்த்தாங்க. சோழர் கல்வெட்டுகளை எண்ணி, வகைப்படுத்தி, அதுலருந்து நாடு, ஊர், நிலவுடைமைன்னு எழுதினாரே எ. சுப்பராயலு, தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு அப்புறம் அவர் வேலை செஞ்சது அங்கதான். எம்.ஏ. படிக்கும்போது சனிக்கிழமை காலையில காலாப்பட்டுலருந்து பஸ் ஏறி ஊருக்குள்ள போயி நூலகத்துல உக்காருவேன். எனக்குக் கல்வெட்டு வாசிக்க வந்தது அந்த மேசையிலதான்.

வீட்டையும் நெனச்சுப் பாரு தங்கச்சி. மதுரையில ராத்திரி பஸ் ஏறினா விடியக்காலம் புதுச்சேரி. என் ரெண்டாம் வருஷத்துல எங்கம்மாவுக்கு ஆபரேஷன். தகவல் வந்த அன்னைக்கே கிளம்பி மறுநாள் காலையில ஆஸ்பத்திரியில நின்னேன். டெல்லியில இருந்திருந்தா ரெண்டு ராத்திரி ரயில்ல போயிருக்கும்.


இ-சேவைக்காரன்
25 ஜூன் 2024, மதியம் 1.15

இங்க எல்லாரும் பெரிய விஷயம் பேசுறீங்க. நான் தாள் விஷயம் பேசுறேன், ஏன்னா இதுல கோட்டை விட்ட பசங்களை நான் கண்ணால பாக்குறேன்.

ஒண்ணு. தமிழ்நாட்டு எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்துல செல்லாது. மத்திய அரசு படிவத்துல ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர் சான்றிதழ் தனியா வாங்கணும். அதுவும் இந்த நிதியாண்டுல, அதாவது ஏப்ரல் 1க்குப் பின்னாடி தேதி போட்டதா கேப்பாங்க. போன வருஷத்துது கையில இருக்குன்னு சும்மா இருந்துடாதீங்க. இன்னைக்கே அப்ளை பண்ணி, வி.ஏ.ஓ.வையும் ஆர்.ஐ.யையும் நேர்ல போய்ப் பாருங்க.

ரெண்டு. இதை நெறையப் பேர் தெரிஞ்சுக்கல. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் இதுல படிக்கிற தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு வருஷத்துக்கு 2 லட்ச ரூபாய் வரைக்கும் உதவித்தொகை தருது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். கலெக்டர் ஆபீஸ்ல பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகம்னு கேளுங்க. உங்க நாலுல மூணு மத்தியப் பல்கலைக்கழகம். சென்னைப் பல்கலைக்கழகம் மாநிலப் பல்கலைக்கழகம், அதுக்கு இந்தத் திட்டம் கிடையாது. ஆனா பணம் சேர்ந்த உடனே கைக்கு வந்துடும்னு நெனைக்க வேண்டாம், முதல் செமஸ்டருக்கு நீங்கதான் பொறுக்கணும்.

மூணு. அசல் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் எங்கயும் விட்டுட்டு வராதீங்க. சரிபார்த்துட்டு அங்கயே திருப்பித் தரணும்னு யு.ஜி.சி. விதியே இருக்கு. அதே மாதிரி இந்த 2024-25 கல்வியாண்டுல செப்டம்பர் 30க்குள்ள சீட்டை ரத்து பண்ணினா கட்டின முழுப் பணமும் திரும்பி வரணும். அதனால வெள்ளிக்கிழமை புதுச்சேரிக்குக் கட்டிட்டு ஞாயிறு வரைக்கும் யோசிக்கலாம், பயம் வேண்டாம்.


காலாப்பட்டு அலை
25 ஜூன் 2024, மதியம் 1.50

அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேர்த்துக்கிறேன். கட்டிட்டு வரலைன்னா அன்னைக்கே ரத்து பண்ணிடு தங்கச்சி. காத்திருப்புப் பட்டியல்ல உன்ன மாதிரியே ஒருத்தி உக்காந்திருப்பா.


வைகைக்கரை
25 ஜூன் 2024, இரவு 10.30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இ-சேவை அண்ணா, நீங்க எழுதினதை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். 2 லட்சம்னதும் நிமிந்து உக்காந்து "இன்னொரு தடவை வாசி"ன்னாரு. இன்னைக்கு மண்டிக்கு லீவு போட்டுட்டு வி.ஏ.ஓ. ஆபீஸ் போயிட்டு வந்துட்டாரு.

ஒரு விஷயத்தை நேத்து நான் எழுதல. எழுதக் கூச்சமா இருந்துச்சு.

நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். பி.ஏ.வும் தமிழ் மீடியம்தான். க்யூட்ல சரியான விடையைத் தேர்ந்தெடுத்தா போதும், அதனால தப்பிச்சேன். இங்கிலீஷ்ல ஒரு பக்கம் படிக்க எனக்கு அரை மணி நேரம் ஆகுது. அரைப் பக்கம் சொந்தமா எழுதினது கெடையாது. வாயத் திறந்து பேசினதும் கெடையாது. வாத்தியார் ஐயா, "எத்தனை கட்டுரை எழுத வைக்கிறாங்க"ன்னு விசாரிக்கச் சொன்னீங்க. அதைப் படிச்சதும் வயித்தக் கலக்கிருச்சு. எங்க சார்கிட்டகூட இதைச் சொல்லல. அவர் கண்ணுல நான் எல்லாம் தெரிஞ்ச பொண்ணு.

தூரமும் பணமும்தான் பிரச்சினைன்னு நானே நம்பிக்கிட்டு இருந்தேன். இதுதான் உண்மையான பிரச்சினைன்னு இப்ப தோணுது.


செவ்வந்தி
25 ஜூன் 2024, இரவு 11.48

தங்கச்சி, தூங்கப் போனவ உன் பதிவைப் பார்த்துட்டு எழுந்து உக்காந்துட்டேன்.

பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்துல அரசியல் அறிவியல் எம்.ஏ. சேர்ந்தேன். நானும் தமிழ் மீடியம், கள்ளக்குறிச்சிப் பக்கம். ஒரு செமஸ்டர்தான் தாக்குப்பிடிச்சேன். டிசம்பர்ல லீவுக்கு ஊருக்கு வந்தவ திரும்பிப் போகவே இல்ல.

எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். முதல் வாரத்துல ஒரு கட்டுரை குடுத்தாங்க, 28 பக்கம். தெரியாத வார்த்தைக்கெல்லாம் பென்சில்ல கோடு போட்டேன். மூணாவது பக்கத்துல பார்த்தா கோடு போடாத வார்த்தைதான் கம்மி. வட்டமா உக்காந்து பேசுற வகுப்பு. என் முறை வரும்போது "பாஸ்"னு சொல்லுவேன். நாலாவது வாரத்துலருந்து என்னைக் கேக்கிறதையே விட்டுட்டாங்க. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன், நான் அங்க இல்லாத மாதிரியே ஆயிட்டதுதான் தாங்கல.

ஆனா இதைப் படிச்சுட்டு நீ பயந்து பக்கத்துலயே சேர்ந்துடணும்னு நான் எழுதல. இப்ப திரும்பிப் பார்த்தா நான் தோத்தது இங்கிலீஷால இல்ல, யார்கிட்டயும் சொல்லாததால. என் அறைத்தோழி பீகார் பொண்ணு. அவளும் ராத்திரி டிக்‌ஷனரியோடதான் உக்காந்திருப்பா. ரெண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி மறைச்சோம். அவ மார்ச் மாசம்தான் ஆசிரியர்கிட்டப் போய் அழுதாளாம். அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சீனியர் அவளோட உக்காந்து எழுதிப் பழக்கினாங்களாம். இன்னைக்கு அவ கல்லூரியில பாடம் நடத்துறா. நீ இங்க முகம் தெரியாத எங்ககிட்டயே சொல்லிட்டே. நான் ஆறு மாசம் சொல்லல.

ஒண்ணு மட்டும் யோசி. இந்த நாலுல எங்க எம்.ஏ. சேர்ந்தாலும் பாடம் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான். புதுச்சேரியில அது கொஞ்சம் லேசாத் தெரியலாம், ஏன்னா பக்கத்துல நாலு தமிழ்ப் பசங்க இருப்பாங்க. அந்த நாலு பேரால தப்பிக்கவும் செய்யலாம், தேங்கிப்போகவும் செய்யலாம். உன் சுபாவம் எதுன்னு உனக்குத்தான் தெரியும்.


முனிர்கா மாடி
26 ஜூன் 2024, காலை 7.20

செவ்வந்தி அக்கா, இதை எழுதினதுக்கு நன்றி.

நான் ஜே.என்.யூ.வில எம்.ஏ. முடிச்சு அஞ்சு வருஷம் ஆகுது, வரலாறு இல்ல, மொழியியல். தெரிஞ்சதைச் சொல்றேன்.

படிப்புக் கட்டணம் வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான். செலவுன்னா ஹாஸ்டலும் மெஸ்ஸும்தான். இங்கிலீஷுக்குன்னே அங்க மொழித்திறன் மேம்பாட்டுக்கு ஒரு தனிப் பிரிவு இருக்கு, ஆங்கிலத்துல வாசிக்க, எழுதப் பயிற்சி தருவாங்க. முதல் வாரமே போய்ப் பேரைக் குடுத்துடு. அங்க உன்னோட உக்காரப் போறவங்க ஒடிசா, பீகார், மணிப்பூர், ராஜஸ்தான். அவங்கவங்க மொழியில படிச்சுட்டு வந்தவங்க. வகுப்புல தடுமாறுற ஒரே ஆள் நீயா இருக்க மாட்டே.

அப்பாவுக்குச் சொல்ல ஒரு தகவல். கேம்பஸுக்குப் பக்கத்துலயே ராமகிருஷ்ணாபுரம், அதைத்தான் ஆர்.கே. புரம்னு சொல்றது. அங்க டெல்லித் தமிழ்ச் சங்கம் இருக்கு, மலை மந்திர்னு முருகன் கோயில் இருக்கு. ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் போனா காதுல தமிழ்தான் விழும். தங்கியிருந்த ரெண்டு வருஷமும் கிருத்திகை தவறாமப் போனேன்.

இன்னொண்ணு. கல்வெட்டை டெல்லி போனா இழந்துடுவேன்னு நெனைக்காத. எம்.ஏ. முடிச்சவங்களுக்குத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ரெண்டு வருஷ முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துது, மாச உதவித்தொகையோட. அகழாய்வு, கல்வெட்டு எல்லாம் அதுல உண்டு. ஜே.ஆர்.எஃப்.னு ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகை வாங்கினா மாசம் 37,000, அதை வச்சுக்கிட்டு புதுச்சேரியிலயோ தஞ்சாவூர்லயோ ஆய்வு பண்ணலாம்.


காலாப்பட்டு அலை
26 ஜூன் 2024, காலை 9.05

பட்டயப் படிப்பு விஷயத்தை நான் சொல்லியிருக்கணும், விட்டுட்டேன். ஆனாலும் என் வாதத்தை விடல. ரெண்டு வருஷம் டெல்லியில இங்கிலீஷோட மல்லுக்கட்டிட்டு, அப்புறம் ரெண்டு வருஷம் பட்டயம், அப்புறம் ஆய்வுன்னா வீட்டுல அவ்வளவு காலம் பொறுப்பாங்களா? பொம்பளப் பிள்ளைக்கு இருபத்தஞ்சு ஆனா என்ன பேச்சு வரும்னு இங்க இருக்குற ஆம்பளைங்களுக்குத் தெரியாது.


செவ்வந்தி
26 ஜூன் 2024, காலை 9.30

அது உண்மை. அதை அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் இப்பவே வாய்விட்டுப் பேசிடு தங்கச்சி. "அஞ்சு வருஷம் கேக்காதீங்க"ன்னு சேரும் முன்னாடி கேட்டா குடுப்பாங்க. நடுவுல கேட்டா கெடைக்காது.


ஓய்வுவாத்தியார்
26 ஜூன் 2024, காலை 10.00

அம்மா, என் கேள்வி உன்னைப் பயமுறுத்தியதற்கு வருந்துகிறேன். உன் நிலை தெரிந்திருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

ஊகத்தில் முடிவெடுக்க வேண்டாம், சோதித்துப் பார். பாண்டிய நாட்டு நீர்ப்பாசனம் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையை உனக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பதினொரு பக்கம். இன்றும் நாளையும் அதை மட்டும் படி. அகராதி பார்க்கலாம், யாரிடமும் கேட்கக் கூடாது. படித்து முடித்து, கட்டுரையாளர் என்ன சொல்கிறார், நீ அதை ஏற்கிறாயா என்று ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. இலக்கணப் பிழையை நான் எண்ண மாட்டேன்.


வைகைக்கரை
27 ஜூன் 2024, இரவு 11.15

ஐயா, அனுப்பிட்டேன். இங்கயும் சொல்லிடுறேன்.

முதல் நாள் நாலு மணி நேரத்துல மூணு பக்கம்தான் போச்சு. மூடி வச்சுட்டு அழுதுட்டேன். இன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மறுபடி முதல் பக்கத்துலருந்து ஆரம்பிச்சேன். அதே வார்த்தைங்க திரும்பத் திரும்ப வருதுன்னு அப்பதான் புரிஞ்சுச்சு. அஞ்சாவது பக்கத்துக்கு மேல அகராதியை அவ்வளவா தொடல.

ஏழாவது பக்கத்துல ஒரு கல்வெட்டு வருது. அதுல இருக்குற "மடை"ங்கிற வார்த்தைக்கு வாய்க்கால்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீஷ்ல போட்டிருக்காங்க. அதை வச்சு, வாய்க்கால் ஓரத்து நிலத்துக்காரங்கதான் அந்தப் பொறுப்பை வச்சிருந்தாங்கன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்காங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க ஊர்ல மடைன்னா கண்மாய்க் கரையில தண்ணி வெளிய வர்ற வாய். அதைத் திறக்குறதும் அடைக்குறதும் ஒரு ஆளோட வேலை. நெலம் வச்சிருக்கிறவன் அந்த ஆள் கிடையாது. எங்க தாத்தாவோட அண்ணன் அந்த வேலைதான் பார்த்தாரு. குமிழி மடைன்னா தண்ணிக்குள்ள முங்கிப் போயி அடைப்புக் கல்லை இழுக்கணும், கண்மாய் நெறஞ்சு கெடக்கும்போது அது உசுரப் பணயம் வைக்கிற வேலை. அறுப்பு முடிஞ்சா களத்துல அவருக்கு நெல்லு அளந்து குடுப்பாங்க. அந்தக் கல்வெட்டுல நெல்லு அளவு வருது. அது மடை திறக்குற ஆளோட கூலியாக்கூட இருக்கலாமில்ல?

இதைத்தான் எழுதினேன். அரைப் பக்கம்னு சொன்னீங்க, ஒன்றரைப் பக்கம் ஆயிடுச்சு. இங்கிலீஷ் தப்புத் தப்பாத்தான் இருக்கும். ஆனா எழுதும்போது பயம் இல்ல. சொல்ல வேண்டியது இருந்துச்சு, எழுதிட்டேன்.


ஓய்வுவாத்தியார்
28 ஜூன் 2024, காலை 5.50

வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன்.

பிழைகள் இருக்கின்றன, ஓராண்டில் போய்விடும். கூலி என்பது உறுதியா என்றால் இல்லை. அதே வட்டாரத்தின் மற்ற மடைக் கல்வெட்டுகளையும் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். நீயும் "இருக்கலாம்" என்றுதான் எழுதியிருக்கிறாய், அது சரியான அளவு. கல்லில் பெயர் வராத ஆளைப் பற்றி எப்படிக் கேட்பது என்று திங்களிரவு நீ இட்ட பதிவுக்கு நான் பதில் எழுதினேனே, அதற்கு நீயே ஒரு வழி காட்டியிருக்கிறாய். எங்கே சேர்ந்தாலும் இந்தத் தாளைத் தொலைத்துவிடாதே.


காலாப்பட்டு அலை
28 ஜூன் 2024, காலை 8.15

மூணு நாளா உன்னைப் புதுச்சேரிக்கு இழுத்துக்கிட்டு இருந்தேன். இதைப் படிச்சப்புறம் சொல்றேன், ஜே.என்.யூ. போ. மடை என்னன்னு உனக்குத் தெரியும், அதை யாரும் சொல்லித் தர வேண்டாம். வட்டெழுத்தை லீவுக்கு வரும்போது நான் சொல்லித் தர்றேன், கோடையில ஒரு மாசம் வந்து என் வீட்டுல தங்கு. ஜே.என்.யூ. வகுப்புல உக்காந்து இப்படி மறுத்துப் பேசுறதுக்குத்தான் உனக்கு இடம் வேணும்.


தரமணிவாசி
28 ஜூன் 2024, காலை 11.40

நானும் சம்மதிக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு எழும்பூர் வருவீர்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.


வைகைக்கரை
30 ஜூன் 2024, இரவு 8.40

இன்னைக்கு மதியம் ஜே.என்.யூ.வுக்குப் பணம் கட்டிட்டோம். புதுச்சேரிக்கு வெள்ளிக்கிழமை கட்டல. அக்கா சொன்ன அந்த இன்னொரு பொண்ணு ஞாபகமாவே இருந்துச்சு.

செவ்வந்தி அக்கா, நீங்க சொன்ன மாதிரி அம்மா அப்பாகிட்ட உக்காந்து பேசினேன். அஞ்சு வருஷம்னு கேட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லாம அடுப்படிக்குப் போயிட்டாங்க. அப்பா ரொம்ப நேரம் கழிச்சு "பெரிய தாத்தா மடை திறந்ததையா எழுதினே"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். அவரைப் பத்தி எனக்குத் தெரியாத மூணு நாலு விஷயம் சொன்னாரு, எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். பி.எட். பேச்சை எடுக்கல. காலையில எந்திரிச்சப்போ அம்மா இரும்புப் பெட்டியைத் தொடச்சு வெயில்ல வச்சிருந்தாங்க.

ஓ.பி.சி. சான்றிதழ் செவ்வாய்க்கிழமை வந்துரும்னு சொல்லியிருக்காங்க. அப்பா கூட வர்றாரு. சம்பர்க் கிராந்தியில டிக்கெட் பார்த்தோம், ஆர்.ஏ.சி.தான் கெடைச்சிருக்கு.

முனிர்கா அண்ணா, ஒரு சந்தேகம். குளிருக்கு மதுரையிலயே கம்பளி வாங்கிட்டு வரணுமா? பெட்டியில புத்தகத்துக்கே இடம் பத்தல.


முனிர்கா மாடி
30 ஜூன் 2024, இரவு 9.05

வேண்டாம்மா. மதுரையில கெடைக்கிற கம்பளி டெல்லி டிசம்பருக்குப் பத்தாது. நவம்பர் பிறக்கட்டும், கேம்பஸ் பக்கத்து முனிர்கா கடைத்தெருவுல ரஜாய்னு பஞ்சு மெத்தைப் போர்வை விப்பாங்க, அங்க வாங்கிக்கலாம். இப்ப போற நேரம் புழுக்கம்தான், பருத்தித் துணி போதும். பெட்டியில புத்தகத்தை வை. சான்றிதழ் எல்லாத்துக்கும் அஞ்சு செட் ஜெராக்ஸ் எடுத்துத் தனிப் பையில போட்டுக் கையிலயே வச்சுக்கோ, ரயில்ல சீட்டுக்கு அடியில வைக்காத. புது டெல்லி ஸ்டேஷன் பக்கத்துலருந்து கேம்பஸுக்கு 615ஆம் நம்பர் பஸ் இருக்கு. நீங்க நிஜாமுதீன்ல இறங்குவீங்க, அங்கருந்து அப்பாவோட ஆட்டோவுலயே போயிடுங்க. கிளம்புற தேதியைத் தனிச்செய்தியில அனுப்பு, என் ஜூனியர் பொண்ணு ஒருத்தி அங்க ஆய்வு மாணவியா இருக்கா, கேட்டுக்கு வந்து நிப்பா.